நஸீறா கழுவித் தந்த லெப்டொப்

நஸீறாவை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; நான் அந்த மனுஷிக்குப் பொன்னாடை போர்த்தப் பார்க்கிறேன் என்று பிறகு யாரும் கதைக்கக் கூடாது. கல்முனைக் கடைத்தெருவில் எனக்கொரு போட்டோக் கொப்பிக் கடை இருக்கிறது. ஒருமுறை பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஒன்றைக் கொப்பி எடுக்க வந்தவர், எழுத்து மங்கிப் போயிற்றென்று நடுக்கடையில் நின்று என்னையும் என் மெஷினையும் என்னைப் பெற்றவர்களையும் ஒன்றாக வைத்து ஏசிவிட்டுப் போனார். மங்கல் அசலிலேயே இருந்தது.

கல்யாண வீடுகளுக்கு அவரைக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டால் சாப்பாட்டில் குறை சொல்வார் என்பது வெளியில் சொல்லும் காரணம். உள்ளே கிடக்கும் காரணம் வேறு. நஸீறா மையித்துக் குளிப்பாட்டுகிறவர். ஊரில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால் அடக்குவதற்கு முன்னர் குளிப்பாட்டிக் கபன் சீலை உடுத்துவதற்கு ஆளனுப்புவது அவரிடம்தான். அந்தக் கையால் ஒரு துண்டு வட்டிலப்பம் வாங்கிச் சாப்பிட எங்கள் பெண்களுக்குக் கூச்சம். அதே பெண்கள் வீட்டில் ஒருத்தி கண்ணை மூடியதும், பள்ளி மோதினாருக்குச் சொல்வதற்கு முன்னர் நஸீறாவுக்குச் சொல்லச் சொல்லி அலறுவார்கள். காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கிற சனம்.

அவரைக் கட்டியவன் பொலன்னறுவைப் பக்கம் வியாபாரத்துக்கென்று போய் அங்கேயே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டான். பிள்ளை இல்லை. புடவைக் கடைகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்துச் சீவித்தார். தீயில் வெந்து ஆஸ்பத்திரியில் மௌத்தான ஒரு பெண்ணைத் தொட யாரும் முன்வராத ஒரு நாளில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனவர் அவர். அன்று தொடங்கியது. குளிப்பாட்டுவதற்காக யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. நன்றி சொன்னாலும் எரிந்துதான் விழுவார்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. மையித்தின் மேல் ஒரு சீலை எப்போதும் கிடக்கும். அதற்குக் கீழே கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். குளிப்பாட்டுகிறவர்கூடப் பார்க்கக் கூடாது; கண்ணில் எதுவும் பட்டுவிட்டால் அதை வெளியில் சொல்லக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நஸீறாவைப் போல் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்கள் இல்லை. ஒருமுறை அவருக்கு உதவிக்கு நின்ற பெண் ஒருத்தி, கத்தம் ஓதிய மௌத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, மௌத்தானவளின் தொடையில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்ததென்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியிருக்கிறாள். நஸீறா சகன் தட்டோடு சோற்றைத் தூக்கி அவள் மடியில் கவிழ்த்தார். இனி உன்னை யார் குளிப்பாட்டுகிறார்கள் பார்க்கிறேன் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். அந்தப் பெண் இன்றைக்கும் நஸீறாவைக் கண்டால் ஒழுங்கை மாறித்தான் நடக்கிறாள்.

இப்படிப்பட்ட மனுஷிக்குத்தான் கடல் அந்தக் கொடுமையைச் செய்தது. சுனாமி வந்த அன்று ஊரில் எத்தனை பெண்கள் மௌத்தானார்களோ, அதில் ஒருத்தியைக்கூட அவர் குளிப்பாட்டவில்லை. குளிப்பாட்ட நேரமும் இல்லை, தண்ணீரும் இல்லை, கபன் சீலையும் இல்லை. கதவுப் பலகையிலும் தகரத்திலும் டிரக்டர் பெட்டியிலும் போட்டு ஆண்கள் கொண்டுபோய் மையவாடியில் பெரிய பெரிய குழிகளில் வைத்து மூடினார்கள். வெள்ளத்தில் மௌத்தானவர்கள் ஷஹீதுகள், குளிப்பாட்டாவிட்டாலும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று மௌலவிமார் ஆறுதல் சொன்னார்கள். நஸீறா அதை மறுக்கவில்லை. உடுப்பில்லாமல் கிடந்தவர்களுக்கு மேல் ஒரு சாரனையாவது போட உங்களுக்கு என்ன கேடு என்று மட்டும் கேட்டார்.

அன்று காணாமல் போனவர்களில் ஒருத்தி அவருடைய தங்கை றபீக்கா. கடலோரத்தில் வீடு. றபீக்காவின் மகள் முதல் நாளே பெரியம்மா நஸீறாவின் வீட்டுக்கு வந்து தங்கியிருந்ததால் தப்பினாள். புருஷன் ஷரிபுதீன் சந்தைக்குப் போயிருந்ததால் தப்பினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. ஆண் அங்கே போய் இருக்கிறவன். வீடும் பெண்ணும் போய்விட்டால் அவனுக்கு நிற்க இடமில்லை. ஷரிபுதீன் அரை வருஷத்துக்குள் நிந்தவூரில் இன்னொரு பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார். மகள் வழக்கப்படி உம்மாவின் பக்கத்தோடு, நஸீறாவோடு, நின்றுவிட்டாள்.

ஷரிபுதீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சேர்ட், சட்டைப் பையில் இரண்டு பேனை, எந்தக் கூட்டத்திலும் முன்வரிசைக் கதிரை. சுனாமிக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் ஒரு நிவாரணக் கொமிட்டி போட்டபோது அதற்குச் செயலாளர் அவர்தான். ஒரு வெளிநாட்டு உதவிக் கூட்டம் கொமிட்டிக்குக் கறுப்பாக, கல்லுக் கனத்தில் ஒரு லெப்டொப் கொடுத்தது. அடக்குவதற்கு முன்னர் ஆளை அடையாளம் காண உதவும் என்று இளைஞர்கள் கண்டபடி போட்டோ எடுத்திருந்தார்கள். எடுத்ததெல்லாம் அந்த லெப்டொப்புக்குள் போனது. உறவினர்கள் வந்து பார்க்கலாம், ஆனால் ஆண்கள் மட்டும்தான் என்று கொமிட்டி முடிவெடுத்தது. பெண்கள் பார்த்தால் மயங்கி விழுவார்களாம்.

நஸீறா கொமிட்டிக்கு நடையாய் நடந்தார். பெண்களின் படங்களைப் பெண்ணுக்குக் காட்டமாட்டீர்கள், கண்ட கண்ட ஆம்பிளைக்கெல்லாம் காட்டுவீர்களா என்று சத்தம் போட்டார். கேட்டை மூடினார்கள். ஷரிபுதீன் எல்லாப் படங்களையும் தான் பார்த்துவிட்டதாகவும், றபீக்கா அதில் இல்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணம். அன்றிலிருந்து நஸீறா அவரோடு கதைப்பதை நிறுத்தினார். மகளைப் பார்க்க அவர் வந்தால், சுவரைப் பார்த்து, வந்தவருக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கச் சொல்வார்.

கொமிட்டி கலைந்தது. லெப்டொப் செயலாளரின் வீட்டில் தங்கிவிட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நான் நினைத்தேன். நான் மட்டுமல்ல, ஊரே நினைத்தது.

இனி றஸாக்கின் கடைக்கு வருகிறேன். என் கடைக்கும் அவன் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். கொம்பியூட்டர் திருத்துகிறவன். பாட்டு ஏற்றிக் கொடுப்பான், படம் ஏற்றிக் கொடுப்பான், யாருடைய கல்யாண வீடியோவையும் யாருக்கும் போட்டுக் காட்டுவான். ஊரில் உள்ள மெஷின்களின் வயிறு முழுவதும் அவனுக்குத் தெரியும். வாய் மட்டும் மூடாது.

இரண்டாயிரத்தொன்பதில் யுத்தம் முடிந்தது. தெருவில் பட்டாசும் கொடியும். வெற்றி கொண்டாடியவர்கள் பாதையில் போகிறவர்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்காமல் போக யாருக்குத் துணிவு. அந்த வாரங்களில் றஸாக்குக்கு வேலை குவிந்தது. பாண்டிருப்பிலிருந்தும் காரைதீவிலிருந்தும் தமிழ் ஆட்கள் மெஷினைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஆமிச் சோதனையில் யார் எதைக் கண்டு என்ன கேட்பார்களோ என்ற பயம். ஒரு பழைய பாட்டு, செத்துப்போன தம்பியின் படம், எது பிழையென்று அவர்களுக்கே தெரியாது. எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொல்லிவிட்டுக் கதவோரமாக நின்று தெருவைப் பார்ப்பார்கள்.

அப்படியொரு காலையில்தான் ஷரிபுதீன் அந்தக் கறுப்பு லெப்டொப்பைக் கொண்டுவந்தார். மகளுக்கு ஒலுவில் பல்கலைக்கழகக் கெம்பஸில் இடம் கிடைத்திருந்தது. அவளுக்குக் கொடுப்பதற்காக அதைப் புதுசுபோல் ஆக்கித் தரச் சொன்னார். பின்னாலேயே நஸீறா வந்தார்; அவருடைய சத்தம் கேட்டு நானும் அங்கே போய் நின்றேன். என் தங்கையின் பிள்ளை கையில் கொடுக்கப்போகிற சாமான், அதற்குள் கிடக்கிற மையித்துப் படங்கள் அத்தனையும் போகாமல் என் வீட்டு வாசற்படியைத் தாண்டாது என்று றஸாக்கிடம் சொன்னார். ஷரிபுதீன் இரண்டடி தள்ளி நின்றார். அவரிடம் அல்ல, றஸாக்கிடம்தான் சொன்னார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, வேலை முடியும்வரை எழும்பமாட்டேன் என்று குந்திவிட்டார்.

லெப்டொப்போடு வர வேண்டிய சீடி ஒன்றும் வரவில்லை. உதவி கொடுத்தவர்கள் பெட்டியை மட்டும்தான் தந்திருந்தார்கள். றஸாக் அதற்கெல்லாம் அசரவில்லை. கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் உள்ளேயே ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறான். மெஷின் எழும்பும்போது மேல் வரிசையில் ஒரு பொத்தானை விடாமல் தட்டினால் அது வெளியே வரும். பழையதையெல்லாம் துடைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த நாளைப் போல ஆக்கிவிடும் என்று நஸீறாவுக்கு விளக்கினான். தட்டினான். மெஷின் இரண்டு வழி காட்டி எது என்று கேட்டது. அவன் கை பழக்கத்தில் முதலாவதை அமத்தியது. நீலக்கோடு ஊர்ந்தது.

லுஹர் தொழுகைக்குக் கடை பூட்டுகிற நேரத்தில் வேலை முடிந்தது. திரையில் வெறும் பச்சைப் புல்வெளியும் வானமும். எல்லாம் போயிட்டா என்று நஸீறா கேட்டார். போயிட்டு என்றான் றஸாக். அவர் லெப்டொப்பைத் துணிப்பைக்குள் வைக்கப்போன அந்த நேரத்தில்தான் பாண்டிருப்பு நல்லரெத்தினம் உள்ளே வந்தார். டியூசன் மாஸ்டர். தன்னுடைய மெஷினை மேசையில் வைத்து, உள்ளே சி, டி என்று பிரித்திருக்கும் இரண்டு பகுதியையும் மிச்சமில்லாமல் அழித்துத் தரும்படி கேட்டார்.

றஸாக்கின் வாய் சும்மா இருக்குமா. டியையும் அழிப்பதென்றால் அது தனி வேலை என்றான். வழக்கத்தில் தாங்கள் டியில் கை வைப்பதே இல்லை, சனங்கள் கல்யாணப் படத்தையும் பாட்டையும் அதற்குள்தான் வைத்திருப்பார்கள், அது போனால் கடைக்கு அடிக்க வருவார்கள் என்று பெருமையாகச் சொன்னான். இந்தா, இப்போது முடித்த லெப்டொப்பிலும் டி அப்படியே பத்திரமாக இருக்கிறது என்று உதாரணமும் காட்டினான்.

நஸீறா பையைக் கீழே வைத்தார்.

அடுத்த கொஞ்ச நேரம் அந்தக் கடையில் நடந்ததை நான் முழுவதும் எழுதமாட்டேன். ஏச்சு றஸாக்கின் மூத்தாப்பா வரைக்கும் போயிற்று. நல்லரெத்தினம் தன் மெஷினைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். கடைசியில் றஸாக், டியைத் திறக்காமலே முழுவதையும் ஒரேயடியாக அழித்துவிடலாம், அதன் மேல் வெறும் பூச்சியத்தை எழுதி நிரப்பினால் எந்த வித்தைக்காரனாலும் திரும்ப எடுக்க ஏலாது என்றான். நஸீறா செய் என்றார்.

செய்யக் கூடாது என்று ஷரிபுதீன் குறுக்கே வந்தார். அதற்குள் கொமிட்டியின் கடதாசிகள் கிடக்கின்றன, ஊர் நம்பித் தந்த அமானிதம், நாளைக்கு யாராவது கணக்குக் கேட்டால் தானல்லவா பதில் சொல்ல வேண்டும் என்றார். வேண்டுமானால் படங்களை மட்டும் எடுத்து அழியுங்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருஷமாக ஒருவரும் கேட்காத கணக்கு. மனைவியின் மையித்தைத் தேடாதவர் கடதாசியைத் தேடுகிறார். அன்றைக்கு அவருடைய அந்த இரண்டு பேனையையும் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது.

ஆனால் சாமான் அவருடையது. றஸாக் அவர் பேச்சைத்தான் எடுப்பான். டியைத் திறந்தான். உள்ளே ஏகப்பட்ட கட்டுகள். ஆளுக்கொரு கெமராவில் எடுத்ததால் எங்கே எது என்று பெயரில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டே மவுசுக்குக் கையை நீட்டினான். நஸீறா அவன் மணிக்கட்டில் ஒரு அடி வைத்தார்.

"பொம்புளைட மையித்து, மகன். ஒன்ட கண் அதுல படக்கூடா. ஆம்புளைகள் எல்லாரும் வெளிய போங்க."

கொம்பியூட்டரைத் தொட்டே அறியாத மனுஷி. அவருக்கு இரண்டு பொத்தான் மட்டும் றஸாக் சொல்லிக்கொடுத்தான்: அடுத்த படத்துக்கு ஒன்று, அழிக்க ஒன்று. அப்படி அழிப்பது கண்ணுக்கு மறைவது மட்டும்தான், தெரிந்தவன் திரும்ப எடுத்துவிடுவான் என்று அவன் முணுமுணுத்ததும் அவருக்குக் கேட்டது. அதைப் பிறகு பார்ப்போம் என்றார். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குந்தினார். நாங்கள் நாலு பேரும் வெளியே வந்து வெயிலில் நின்றோம். முஸ்லிம் மூன்று பேர், தமிழர் ஒருவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தெருவில் எங்கோ பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பொத்தான் அமத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு படத்துக்கும் அவர் வாய்க்குள் எதையோ ஓதினார். மிச்ச நேரமெல்லாம் ஊரையே ஏசுகிற அந்த வாய்தான்.

திடீரென்று சத்தம் நின்றது. நின்றே கிடந்தது. றஸாக் எட்டிப் பார்க்கப் போனான்; நான் பிடித்து இழுத்தேன். பிறகு உள்ளிருந்து நஸீறா, ஷரிபுதீன் என்று கூப்பிட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய பெயரைச் சொன்னார்.

ஷரிபுதீன் போய்ப் படியில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். நஸீறா திரையின் மேல் முந்தானையைப் போட்டு மூடியிருந்தார்.

"றபீக்கா இதுல இரிக்கா. நீ அண்டைக்குக் கண்ட நீயா, காணல்லயா?"

இல்லை என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். பொய்யும் மெய்யும் கலந்து கூட்டத்தில் கதைத்துப் பழகிய மனிதர்.

"கண்டன் ராத்தா. முதல் நாளே கண்டன்."

"கண்டுட்டு இல்லெண்டு சொன்ன."

"பக்கத்துல ஆறு ஆம்புளைகள் நிண்டாங்க. இவதான் என்ட பொஞ்சாதி எண்டு சொல்லியிருந்தா ஆறு பேரும் திரும்பக் குனிஞ்சி பாத்திருப்பாங்க. அவ கிடந்த கிடைக்கு என்னால சொல்ல ஏலாமப் போச்சி."

நல்லரெத்தினம் மெதுவாக நகர்ந்து தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் போகவில்லை. இப்போது நஸீறா வெடிப்பார், இந்தக் கடை தாங்காது என்று நின்றேன். அவர் வெடிக்கவில்லை. அப்ப ஏன் இவ்வளவு காலம் இதை அழிக்காமல் வைத்திருந்தாய் என்று கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதில் மிகவும் சின்னச் சத்தத்தில் வந்தது.

"அவட வேற படம் ஒண்டும் இல்லியே ராத்தா."

அது உண்மை. கல்யாண அல்பமும் அடையாள அட்டையும் வீட்டோடு கடலுக்குப் போயின. நஸீறாவின் வீட்டில் படம் எடுத்து வைக்கிற வழக்கமே இருந்ததில்லை. றபீக்கா இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு மிஞ்சியிருந்தது முந்தானைக்குக் கீழே கிடந்த அந்த ஒன்றுதான். அதில் என்ன இருந்ததென்று நஸீறா இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஷரிபுதீனும் சொன்னதில்லை. எனக்கும் அந்தக் கேள்வி தேவையில்லை.

நஸீறா கதிரையை விட்டு எழும்பி ஒதுங்கி நின்றார்.

"மத்தப் பொம்புளைகள நான் பாத்துக்குவன். இவளக் குளிப்பாட்டப் புருஷனுக்கு ஹக்கு இரிக்கி, மத்த ஆம்புளைக்கு இல்ல. வந்து குந்து."

"என்னால ஏலா ராத்தா."

"அண்டைக்கும் ஏலாதெண்டுதானே அவள மத்தாக்கள்ட கையில உட்ட."

இதைவிடக் கொடுமையாக ஒரு மனிதனிடம் ஒருத்தி கதைத்து நான் கேட்டதில்லை. ஷரிபுதீன் உள்ளே போனார். நஸீறா வெளியே வந்து, கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார். யாராவது ஒரு அடி வைத்திருந்தால் அடித்திருப்பார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. அழுதாரா என்று கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

இந்த ஒன்றுக்காக ஷரிபுதீனை எனக்குப் பிடித்துப்போயிற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். பிடிக்கவில்லை. நாலரை வருஷம் ஒரு பெண்ணைத் தங்கையைத் தேட வைத்து, பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு இருந்த மனிதர். தேடிக்கொண்டிருந்தவள் யார், அவளுடைய வாய் எப்படிப்பட்டது என்பதெல்லாம் அதற்குச் சமாதானம் ஆகாது.

கதவைத் திறந்து அவர் வெளியே வந்தபோது வெள்ளைச் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. நஸீறா அவரைப் பார்க்காமல் உள்ளே போய் மிச்சப் பெண்களோடு குந்தினார். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை பொத்தான் சத்தம் கேட்டது. முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு, இதைப் பிள்ளையின் கையில் தானே கொடுக்கப்போவதாகவும், வாப்பாக்காரர் கூட வரத் தேவையில்லை என்றும் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தெரிந்தவன் திரும்ப எடுத்துவிடுவானே என்று றஸாக் மறுபடியும் இழுத்தான். டி முழுவதையும் பூச்சியம் போட்டு நிரப்பினால்தான் உறுதி, ஆனால் கொமிட்டியின் கடதாசிகள் போய்விடும், என்ன செய்வது என்று ஷரிபுதீனின் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இப்போது மறுபடியும் அமானிதம் என்று தொடங்கினால் நான் சும்மா இருந்திருக்கமாட்டேன்.

"முழுக்க அழி" என்றார் ஷரிபுதீன். "கடதாசி எண்டு அதுல ஒண்டும் இல்ல."

றஸாக் பொத்தானை அமத்தினான்.